கவட்டைக் குடலிறக்கத் துளைவழி அறுவை: வரலாறும் கோவையின் பங்கும்

கவட்டைக் குடலிறக்கத் துளைவழி அறுவை என்பது, அடிவயிறும் தொடையும் சேரும் இடத்தில் தோன்றும் குடலிறக்கத்தை, வயிற்றைப் பெரிதாகக் கீறாமல் சரிசெய்யும் முறையாகும். பெரும்பாலும் மூன்று சிறு துளைகள் இடப்படுகின்றன. ஒன்றில் கேமராவும் மற்ற இரண்டில் நீண்ட மெல்லிய கருவிகளும் செலுத்தப்படுகின்றன. மருத்துவமனைகளில் இது லேப்ராஸ்கோப்பி எனவும், பேச்சு வழக்கில் சாவித்துவார ஆபரேஷன் எனவும் வழங்கப்படுகிறது. குடலிறக்கத்தைப் பொதுமக்கள் எரணியா என்பர். சித்த மருத்துவத்தில் இதற்குக் குடலண்ட வாதம் என்று பெயர்.

ஒரு பக்கத்தில் முதன்முறையாக வந்த குடலிறக்கத்துக்கு, வெளிப்பக்கம் கீறிச் செய்யும் முறையும் நன்றாகவே பயன்படுகிறது. இரு பக்கமும் குடலிறக்கம் இருந்தாலோ, ஒரே பக்கத்தில் இரண்டு இருந்தாலோ, ஒருமுறை தைத்த இடத்தில் மீண்டும் வந்தாலோதான் துளைவழி முறையின் சிறப்பு நன்கு விளங்கும். முன்பக்கத்திலிருந்து பார்த்துவந்த வயிற்றுச் சுவரை அறுவை மருத்துவர்கள் உட்பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கியதே இம்முறையின் அடிப்படை. தழும்பு சிறிதாக இருப்பது அதற்கு அடுத்த நன்மையே.

சுவரும் மூன்று வாசல்களும்

ஆண் சிசுவின் விதைகள் முதலில் வயிற்றுக்குள் சிறுநீரகத்தின் அருகே உருவாகின்றன. பிறப்பதற்கு முந்தைய மாதங்களில் அவை வயிற்றுச் சுவரைக் கடந்து விதைப்பைக்கு இறங்குகின்றன. அவை வந்த வழி கவட்டைக் கால்வாய் எனப்படுகிறது. இரத்தக் குழாய்களும் விந்துக் குழாயும் அவ்வழியே செல்வதால் அதை முழுவதும் அடைத்துவிட முடியாது. எனவே ஆண்களுக்கு அவ்விடம் இயல்பாகவே பலவீனமானது. ஆண்களில் ஏறத்தாழ 27 விழுக்காட்டினரும் பெண்களில் 3 விழுக்காட்டினரும் வாழ்நாளில் ஒருமுறையாவது கவட்டைக் குடலிறக்க அறுவைக்கு உள்ளாகும் வாய்ப்பு உண்டு எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

இப்பகுதியில் குடல் வெளியே பிதுங்க மூன்று வாசல்கள் உள்ளன. முதலாவது, விதை இறங்கிய வழியின் உள்வாயில். இவ்வழியாக வருவது மறைமுகக் குடலிறக்கம். குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் வருவது பெரும்பாலும் இதுவே. இரண்டாவது, அதற்குச் சற்று உட்புறமாக, நடுக்கோட்டை ஒட்டி, தசை மெலிந்த இடம். வயது ஏறும்போது இவ்விடம் தளர்ந்து பிதுங்குவது நேர்க் குடலிறக்கம். மூன்றாவது, தொடைக்குச் செல்லும் பெரிய சிரையின் பக்கத்தில் உள்ள குறுகிய இடுக்கு. இவ்வழியாக வருவது தொடைக் குடலிறக்கம். இது ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதியாக வருகிறது.

முதல் இரண்டு வாசல்களுக்கும் இடையே ஓர் இரத்தக் குழாய் ஓடுகிறது. சிலருக்கு அக்குழாயின் இருபுறமும் ஒரே நேரத்தில் இரண்டு பைகள் பிதுங்கும். கால்சட்டையின் இரு கால்களைப் போலத் தோன்றுவதால் மருத்துவர்கள் இதைக் கால்சட்டைக் குடலிறக்கம் என்பர். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு வீக்கம் மட்டுமே தெரியும். ஒன்றைத் தைத்து மற்றொன்றைக் காணாமல் விட்டால், சில ஆண்டுகளில் நோயாளி அதே வீக்கத்துடன் திரும்பி வருவார்.

பிதுங்கிய குடல் வாசலில் சிக்கி, அதன் இரத்த ஓட்டம் நின்றுபோவது இந்நோயின் பெரிய ஆபத்து. கடும் வலியும் வாந்தியும் தோன்றும். வீக்கம் உள்ளே போகாது. சில மணி நேரத்தில் அறுவை செய்யாவிடில் குடல் அழுகி உயிருக்கே கேடாகும். வாசல் குறுகியது என்பதால் தொடைக் குடலிறக்கத்தில் இந்த ஆபத்து மிகுதி.

பழங்காலம் முதல் பாசினி வரை

குடலிறக்கம் மனிதன் நெடுங்காலமாக அறிந்த நோய். சுசுருத சம்கிதை இதை அந்திர விருத்தி என்ற பெயரில் விவரிக்கிறது. பாரம் சுமத்தல், தன்னைவிட வலியவருடன் மல்லுக்கட்டுதல், மரத்திலிருந்து விழுதல் ஆகியவற்றை அது காரணங்களாகக் காட்டுகிறது. பாரம் தூக்குவது ஒன்றே காரணமன்று என்பதை இன்றைய மருத்துவம் அறியும். பிறவி அமைப்பு, பரம்பரை, திசுக்களின் தளர்ச்சி ஆகியவையும் சேர்ந்தே குடலிறக்கத்தை உண்டாக்குகின்றன. ஆயினும் வயிற்றுக்குள் அழுத்தம் கூடுவதற்கும் பிதுக்கத்துக்கும் உள்ள தொடர்பை அந்நூலார் கண்டிருந்தனர் என்பது தெளிவு.

உடற்கூற்றியல் வளர்ந்த 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய மருத்துவர்கள் இப்பகுதியை அடுக்கடுக்காகப் பிரித்து வரைந்தனர். ஆனால் மயக்க மருந்தும் கிருமிநீக்கமும் வரும்வரை அந்த அறிவு அறுவைக்கு அதிகம் பயன்படவில்லை.

திருப்பம் இத்தாலியில் நேர்ந்தது. எதோவார்தோ பாசினி, இளைஞராக இருந்தபோது, 1867இல் வில்லா குளோரிப் போரில் கவட்டையில் துப்பாக்கி ஈட்டியால் குத்துப்பட்டார். காயத்தால் நீண்ட காலம் துன்புற்ற அவரே பின்னாளில் கவட்டை அறுவையின் தந்தை என்று போற்றப்பட்டார். 1884இல் பாதுவா நகரில் அவர் தொடங்கிய முறையில், பையை மட்டும் கட்டிவிடாமல், கால்வாயின் பின்சுவரையே தசைகளை இழுத்துத் தைத்து மீண்டும் எழுப்பினார். 1890இல் 262 அறுவைகளின் விவரத்தை அவர் வெளியிட்டார். அவற்றுள் மிகச் சிலவே மீண்டும் வந்திருந்தன. நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து கணக்கு வைத்ததும் அவருடைய பெரும் பங்களிப்பே.

பாசினி முறையிலும் ஒரு குறை இருந்தது. விலகி நிற்கும் தசைகளை இழுத்துத் தைப்பதால் தையலில் இறுக்கம் ஏற்படும். வலி கூடும், சிலருக்குத் தையல் கிழிந்து குடலிறக்கம் மீண்டும் வரும்.

வலையின் வருகை

கிழிந்த துணியை இழுத்துத் தைப்பதைவிட ஒட்டுப் போடுவது நல்லது என்பதைத் தையல் தெரிந்த எவரும் அறிவர். உடல் ஏற்றுக்கொள்ளும் ஒட்டுத்துணி கிடைக்காததே தடையாக இருந்தது. அமெரிக்க மருத்துவர் பிரான்சிஸ் அஷர் 1958இல் பாலிஎத்திலீன் இழை வலையை அறிமுகப்படுத்தினார். சில ஆண்டுகளில் பாலிபுரோப்பிலீன் வலை அதன் இடத்தைப் பிடித்தது. வலையின் கண்கள் வழியே உடலின் திசு வளர்ந்து, வலையும் சுவரும் ஒன்றாகிவிடும்.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் இர்விங் லிக்டன்ஸ்டைன் 1984 முதல் எல்லா நோயாளிகளுக்கும் வலையை வைத்து, இறுக்கமில்லாமல் சரிசெய்யத் தொடங்கினார். 1989இல் அவரது குழு 1000 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டது. அந்தப் பகுதியை மட்டும் மரக்கச் செய்து இதைச் செய்ய முடியும், கற்றுக்கொள்வதும் எளிது. இன்றும் உலகெங்கும் பெரிதும் செய்யப்படும் திறந்த முறை இதுவே.

உட்பக்கத்திலிருந்து ஒரு பார்வை

இதற்கிடையே பிரான்சில் வேறொரு சிந்தனை வளர்ந்தது. 1956இல் ஆன்றி ஃபுருஷோ, மேற்கூறிய மூன்று வாசல்களும் தனித்தனி ஓட்டைகள் அல்ல, ஒரே பெரிய பலவீனமான பரப்பின் பகுதிகள் என்று விளக்கினார். அப்பரப்பு முழுவதையும் மூடாமல் ஓர் ஓட்டையை மட்டும் அடைப்பது அரைகுறை வேலை என்பது அதன் உட்பொருள்.

அமியான் நகரின் ரெனே ஸ்தொப்பா இதைச் செயலாக்கினார். அடிவயிற்றின் நடுவில் கீறி, தசைக்கும் வயிற்று உள்ளுறைக்கும் இடையே ஒரு பெரிய வலையை விரித்தார். இரு பக்கத்து வாசல்களும் அந்த ஒரே வலையால் மூடப்பட்டன. வலை சுவருக்கு உட்புறம் இருப்பதால், இருமும்போதும் முக்கும்போதும் எழும் அழுத்தம் அதைச் சுவரோடு சேர்த்தே அழுத்தும். உட்பக்கமிருந்து கதவைத் தள்ளினால் அது நிலையோடு மேலும் இறுகுவது போன்றது இது. பலமுறை அறுவை செய்தும் பயன் பெறாதவர்களுக்கு இம்முறை உதவியது. ஆனால் கீறல் பெரியது; எல்லோருக்கும் ஏற்றதன்று.

துளைவழி முறை உருவான விதம்

வயிற்றுக்குள் குழாய் வழியே பார்ப்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முயலப்பட்டது. 1901இல் ஜெர்மனியின் கியோர்க் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றில் காற்றை நிரப்பி உள்ளே பார்த்துக் காட்டினார். 1910இல் சுவீடனின் யாக்கோபெயஸ் மனிதரில் அதைச் செய்தார். நெடுங்காலம் இது பார்ப்பதற்கும் மகளிர் மருத்துவத்துக்கும் மட்டுமே பயன்பட்டது. 1985இல் எரிக் மூஹே ஜெர்மனியில் இம்முறையில் பித்தப்பையை அகற்றினார். முதலில் அவரது நாட்டு அறுவை மருத்துவர் சங்கம் அதை ஏற்கவில்லை. பின்னர் 1992இல் அவரைப் பாராட்டி விருது அளித்தது. 1987இல் பிரான்சின் பிலிப் மூரே இதையே செய்தபோது, சிறு மின்னணுக் கேமராக்களும் வந்திருந்தன. குழுவில் உள்ள எல்லோரும் திரையில் ஒரே காட்சியைக் காண முடிந்தது. அதன்பின் இம்முறை விரைந்து பரவியது.

குடலிறக்கத்தில் முதல் முயற்சி ரால்ஃப் கெர் என்பவருடையது. 1979இல் அவர் குடலிறக்கப் பையின் கழுத்தை உள்ளிருந்தே கிளிப்புகளால் மூடினார். அடுத்து வந்தவர்கள் ஓட்டைக்குள் வலையைச் சுருட்டி அடைத்தனர். அடைப்பு நகர்ந்து, பலருக்கு நோய் திரும்பியது. கருவி புதிதாக இருந்தும் கருத்து பழையதாக இருந்ததே இதற்குக் காரணம். ஸ்தொப்பாவின் பெரிய வலையைத் துளைவழியே வைக்கத் தொடங்கிய பின்னரே நல்ல முடிவுகள் கிடைத்தன.

1990களின் தொடக்கத்தில் இரண்டு முறைகள் நிலைபெற்றன. ஒன்றில் கேமரா வயிற்றறைக்குள் செல்கிறது. உள்ளுறையைத் திறந்து, வலையை விரித்து, மீண்டும் உள்ளுறையை மூடுவர். 1992இல் அமெரிக்காவின் மோரிஸ் அரெகுயியும் அவரது குழுவினரும் இதை விவரித்தனர். இம்முறை டேப் எனப்படுகிறது. மற்றொன்றில் வயிற்றறைக்குள் நுழையாமலே, சுவருக்கும் உள்ளுறைக்கும் இடையில் இடம் உண்டாக்கி வலையை வைப்பர். பிரான்சின் தியூலூக்கும், அமெரிக்காவின் மக்கெர்னனும் லாஸும் இதன் முன்னோடிகள். இது டெப் எனப்படுகிறது.

இரு முறைகளிலும் மூன்று வாசல்களும் ஒரே காட்சியில் தெரிகின்றன. ஒரு பக்கத்துக்குக் குறைந்தது 10 செ.மீ. அகலமும் 15 செ.மீ. நீளமும் உள்ள வலை தேவை. மறுபக்கத்தில் குடலிறக்கம் இருந்தால் அதே மூன்று துளைகள் வழியே அதையும் சரிசெய்யலாம். திறந்த முறையில் அதற்கு இரண்டு கீறல்கள் வேண்டும்.

இந்தியாவிலும் கோவையிலும்

இந்தியாவில் துளைவழி அறுவையின் முன்னோடி மும்பையின் டெஹம்டன் உத்வாடியா. 1990இல் மும்பை ஜே. ஜே. மருத்துவமனையில் துளைவழியே பித்தப்பையை அகற்றினார். பணக்கார நாடுகளுக்குரிய ஆடம்பரம் என்று பலர் இதைக் கருதிய காலம் அது. விரைவில் வேலைக்குத் திரும்ப வேண்டிய ஏழை உழைப்பாளிக்கே இது மிகவும் தேவை என்பது அவருடைய நிலைப்பாடு. 1993இல் இத்துறையினருக்கான அகில இந்தியச் சங்கம் தொடங்கப்பட்டது.

அந்த வாதத்துக்குக் கோவையைப் போலப் பொருந்தும் ஊர்கள் குறைவு. சென்னையிலிருந்து மேற்குக் கரைக்குச் சென்ற இருப்புப்பாதை 1862இல் நிறைவுற்றபோது, இப்பகுதியின் நிலையமாக அமைந்தது போத்தனூர். 1873இல் அங்கிருந்து கோவை வழியாக மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை போடப்பட்டது. ரயில்வே பணிமனையும் குடியிருப்புகளுமாகப் போத்தனூர் ஒரு ரயில்வே ஊராக வளர்ந்தது. 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை கோவையில் எழுந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் பஞ்சாலைகள் பெருகின. வார்ப்படப் பட்டறைகளும் பம்பு செட்டு ஆலைகளும் தொடர்ந்தன. பஞ்சு மூட்டை சுமப்பவர், வார்ப்படம் தூக்குபவர், தண்டவாளத்தில் உழைப்பவர், தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பவர் என உடலுழைப்பை நம்பிய ஊர் இது. அறுவைக்குப் பின் எத்தனை நாள் கூலி போகும் என்பது இங்கு வீட்டு அடுப்பைத் தொடும் கேள்வி. இரு பக்கமும் குடலிறக்கம் உள்ளவர் ஒரு பக்கத்தை இந்த ஆண்டும் மறுபக்கத்தை அடுத்த ஆண்டும் செய்துகொண்டால், அந்த இழப்பும் இரு மடங்காகும்.

தென்னிந்தியாவில் துளைவழி அறுவையைத் தொடக்கத்திலேயே கையிலெடுத்தவர்களுள் கோவையின் சி. பழனிவேலு குறிப்பிடத்தக்கவர். நாமக்கல் பகுதியில் எளிய வேளாண் குடும்பத்தில் பிறந்த அவர், இளமையில் மலேசியத் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர். ஊர் திரும்பி, விட்ட படிப்பைத் தொடர்ந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றார். 1990களின் தொடக்கத்திலிருந்து கோவையில் துளைவழி அறுவைகளைச் செய்து, 2001இல் இராமநாதபுரத்தில் பங்கஜா மில் சாலையில் ஜெம் மருத்துவமனையை நிறுவினார். ஒரு பஞ்சாலையின் பெயர் தாங்கிய சாலையில் அம்மருத்துவமனை அமைந்திருப்பது இவ்வூரின் வரலாற்றுக்குப் பொருத்தமே. போத்தனூரிலிருந்து நஞ்சுண்டாபுரம் வழியாக அவ்விடம் சில கிலோமீட்டர் தொலைவுதான். டாக்டர் பி. சி. ராய் விருது பெற்ற அவர், துளைவழி அறுவை பற்றிய பாடநூலையும் எழுதியுள்ளார்.

கைப்பழக்கம் என்னும் பாடம்

துளைவழி முறை எல்லோருக்கும் சிறந்தது என்ற நம்பிக்கையை 2004இல் ஓர் ஆய்வு சோதித்தது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 14இல் சேர்ந்த ஏறத்தாழ 2000 ஆண்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். இரண்டாண்டு முடிவில், துளைவழியில் செய்தவர்களுள் 10.1 விழுக்காட்டினருக்கும், திறந்த முறையில் செய்தவர்களுள் 4.9 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியிருந்தது. துளைவழியில் வலி குறைவு. வேலைக்குத் திரும்பியதும் விரைவு. ஆயினும் நோய் இருமடங்கு திரும்பியது என்பது கவலை தரும் செய்தி.

அதே ஆய்வில் மேலும் இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. 250க்கும் மேற்பட்ட துளைவழி அறுவைகளைச் செய்த மருத்துவர்களிடம் இந்த வேறுபாடு பெரிதும் குறைந்திருந்தது. முன்பே அறுவை செய்து மீண்டும் வந்த குடலிறக்கத்தில் துளைவழி முறை பின்தங்கவில்லை. பிரச்சினை முறையில் அல்ல, பழகாத கையில் இருந்தது.

இதற்குக் காரணம் உண்டு. திரையைப் பார்த்துக்கொண்டே கருவியை இயக்குவது பழக்கத்தால் மட்டுமே வரும். வலை வைக்கும் இடத்தின் அடியில் காலுக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய்களும், பக்கத்தில் தொடைக்கான நரம்புகளும் உள்ளன. முதல் பகுதியை ஆபத்து முக்கோணம் என்றும், அடுத்ததை வலி முக்கோணம் என்றும் மாணவர்களுக்குக் கற்பிக்கின்றனர். அங்கே ஆணியோ கிளிப்போ அடித்தால் உயிருக்கு ஆபத்து. அல்லது ஆண்டுக்கணக்கில் வலி.

எனவே பயிற்சியே இம்முறையின் உயிர்நாடி ஆயிற்று. இதில் கோவையின் பங்கு பெரிது. பழனிவேலுவை நிறுவனத் தலைவராகக் கொண்டு கோவையில் தொடங்கிய அமாசி என்னும் நுண்துளை அறுவை மருத்துவர் சங்கம், நாட்டின் பல நகரங்களில் பயிற்சி வகுப்புகளும் தேர்வுகளும் நடத்துகிறது. சிறு நகரங்களின் அறுவை மருத்துவர்களும் அவற்றில் கற்றுத் தம் ஊர்களில் இம்முறையைச் செய்ய வழி ஏற்பட்டது.

செலவும் கொசுவலையும்

அடுத்த தடை செலவு. முழு மயக்க மருந்து, கேமரா, கரியமில வாயு, வலை என ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவிகளுக்குப் பதிலாக, கிருமி நீக்கி மீண்டும் பயன்படுத்தும் உலோகக் கருவிகளை இந்திய மருத்துவர்கள் கையாண்டனர். வலையைப் பொருத்தும் ஆணிகளும் விலை மிகுந்தவை. டெப் முறையில் பெரும்பாலோருக்கு ஆணியே தேவையில்லை என்பது பின்னர் உறுதியானது.

வலையின் விலைக்கு மகாராட்டிரத்தின் தோண்டாயிச்சா என்னும் சிற்றூரில் விடை கண்டவர் ரவீந்திரநாத் தோங்காவ்கர். கொசுவலைத் துணியை வெட்டி, கிருமி நீக்கி, குடலிறக்கத்துக்கு வைத்து, 2003இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். நகைப்புக்குரியதாகத் தோன்றிய இக்கருத்து உலக அளவில் சோதிக்கப்பட்டது. 2016இல் வெளியான உகாண்டா ஆய்வில் ஏறத்தாழ 300 ஆண்களுக்குத் திறந்த முறையில் கொசுவலையோ விலைமிக்க வலையோ வைக்கப்பட்டது. ஓராண்டில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஏழைக்கும் வலை வைத்துத் தைக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று.

இன்றைய நிலை

2018இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல்கள் இந்த நூற்றாண்டுக் கால அனுபவத்தைத் தொகுத்துத் தருகின்றன. இரு பக்கக் குடலிறக்கத்துக்கும், திறந்த முறையில் செய்தபின் மீண்டும் வந்ததற்கும், பெண்களுக்கும், தேர்ந்த மருத்துவர் இருப்பின், துளைவழி முறையே பரிந்துரைக்கப்படுகிறது. பெண்களைப் பற்றிய பரிந்துரை முக்கியமானது. அவர்களிடம் மறைந்திருக்கும் தொடைக் குடலிறக்கம் முன்பக்கக் கீறலில் எளிதில் தப்பிவிடும். உட்பக்கக் காட்சியில் தப்பாது. கவட்டை வீக்கத்தை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு நாள் கடத்தும் பெண்களுக்கு இச்செய்தி சென்று சேர வேண்டும்.

எல்லோருக்கும் துளைவழி முறை பொருந்தாது. முழு மயக்கம் தாங்காத இதய நோயாளிக்கும், அடிவயிற்றில் முன்பே பெரிய அறுவை செய்தவருக்கும் திறந்த முறையே பாதுகாப்பானது. தொந்தரவு இல்லாத சிறு கவட்டைக் குடலிறக்கம் உள்ள ஆண்கள் மருத்துவர் கண்காணிப்பில் காத்திருக்கலாம் என்று 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. தொடைக் குடலிறக்கத்தில் காத்திருத்தல் கூடாது.

அறுவைக்குப் பின் மாதக்கணக்கில் பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புவது முன்பு வழக்கம். வலை வைத்து முறையாகச் செய்தால், வலி பொறுக்கும் அளவில் மூன்று முதல் ஐந்து நாட்களில் அன்றாட வேலைகளைத் தொடங்கலாம் என்று இன்றைய வழிகாட்டுதல் கூறுகிறது. கடினமான வேலைக்குத் திரும்பும் நாளைச் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அறுவைக்கு முன் அவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு: மறுபக்கத்தையும் பார்ப்பீர்களா, இந்த அறுவையை இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்பவை.